பேண்டேஜ் துணியில் கட்டிய வளைவு

"மேல பாத்துக்கிட்டே நில்லுங்க. பயந்து கண்ண மூடிராதீக" என்றார் கோபால் மேஸ்திரி.

நான் உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் எங்கள் பங்குக் கோயில். பீடத்துக்கு மேலே புதிதாகச் செய்த வளைவுக் கூரை. அதை இன்னும் மரப்பலகைகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன. மேஸ்திரியின் ஆட்கள் நாலு மூலையிலும் ஆப்புகளுக்கு நேராகச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் நட்டநடுவில், வளைவுக்கு நேர் கீழே, தனியாக.

பெஞ்சுகளில் பங்கு மக்கள். பங்குச் சாமியார், எதற்கும் இருக்கட்டும் என்று, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழைக் கையோடு கொண்டுவந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை எனக்கு அப்போதே சொல்லாமல் விட்டவர்களுக்கு இன்றும் நன்றி.

ஆப்பைத் தட்டினால் பலகை இறங்கும். பலகை இறங்கியபின் வளைவு தானாக நிற்க வேண்டும். நின்றுவிட்டால் ரெஜினாவிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நிற்காவிட்டால் கேட்க நான் இருக்கப்போவதில்லை. எப்படியும் இன்றைக்குள் ஒரு தீர்வு.

எழுதச் சொன்னவள்

போன வாரம் இந்தப் பத்தியில் தறிச் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதை வாசித்துவிட்டு என் மனைவி பிலோமினா பத்திரிகையை மடித்து என் மடியில் போட்டாள்.

"எல்லாத்தையும் எழுதுறீக. ரெஜினாவ மட்டும் ஒளிச்சு வச்சிருக்கீக."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"பொறவு என்னத்த எழுதப் போறீக? கரண்டு பில்லு கட்டுன கதையவா?"

ஆகவே இந்த வாரத்துக் கதையின் உத்தரவு என் வீட்டு அடுக்களையிலிருந்து வந்தது. வாசகர்கள் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதுவதானால் அவள் பெயருக்கே எழுதலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பதை நெருங்கும் வயது. சித்தப்பாவின் பேண்டேஜ் துணி யூனிட்டில் மேனேஜர். லாரிக்காரர்களிடம் திட்டு வாங்குவதும், அந்தத் திட்டைச் சித்தப்பாவிடம் சுருக்கிச் சொல்வதும் என் வேலை. வாய் மட்டும் ஓயாது. பயந்தாங்கொள்ளிகளுக்கு வாய் ஓயாது என்பதை எங்கள் ஊர் அறியும். சலூனில் கத்தியைத் தீட்டினாலே, சாகும் நேரத்தில் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரத்தை மனதுக்குள் ஆரம்பித்துவிடுகிறவன் நான்.

ரெஜினா எங்கள் யூனிட்டில் துணியைச் சோதிக்கிறவள். தறியிலிருந்து வரும் துணி மஞ்சளாக, கஞ்சி விறைப்போடு இருக்கும். அதைக் கொதிக்கவைத்து, வெளுத்து, காயவைத்த பிறகுதான் அது காயத்துக்குக் கட்டுகிற துணி. சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஓர் அலுமினியக் குண்டான் இருந்தது. நிறையத் தண்ணீர். ஒரு துண்டு துணியை மடித்து மெதுவாக அதில் போடுவாள். நல்ல துணி என்றால் ஒரு கணம் மிதந்துவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி சட்டென்று உள்ளே இறங்கிவிடும்.

"பாஸ்" என்பாள்.

நாள் முழுக்க அவள் பேசுகிற சொல் அநேகமாக அது ஒன்றுதான். மிதந்துகொண்டே இருந்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். துணி திரும்பக் கொதிக்கப் போகும்.

அவள் சோதனை மேசைப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு நாளில் பாதி அங்கேதான் நிற்பேன். கதை சொல்வேன், யார் மாதிரியாவது நடந்து காட்டுவேன். அவள் குண்டானைப் பார்த்தபடியே சிரிப்பாள். பிறகு, "அண்ணே, தண்ணி ஆடுது. செத்த நேரம் பேசாம நில்லுங்க" என்பாள்.

அந்த 'அண்ணே'தான் என்னைக் கொன்றது. யூனிட்டில் எல்லோருமே என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் கூப்பிட்டபோது வலிக்கவில்லை.

கூரை இல்லாத படம்

சோதனை மேசைக்கு மேலே சுவரில் ஒரு காலண்டர் படம். வருஷம் போய்விட்டது, தேதித்தாள் தீர்ந்துவிட்டது, படம் மட்டும் இருந்தது. வெளிநாட்டில் எங்கோ ஒரு பழைய மடத்துக் கோயில். வரிசையாகக் கல் தூண்கள். தூண்கள் மேலே போகப் போக விரிந்து, கை கோத்துக் கொண்டதுபோல் கூர்மையான வளைவுகள். கீழே தரை முழுக்கப் புல்.

"இதுல என்ன இருக்குன்னு இப்பிடிப் பாத்துக்கிட்டே இருக்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இதுக்குக் கீழ நின்னா ஒரு சத்தமும் கேக்காதுல்ல அண்ணே?"

அவள் வீட்டில் நடுக்கூடத்திலேயே இரண்டு விசைத்தறி. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் சாப்பிட்டாள், படித்தாள், தூங்கினாள். வீட்டில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ள மாட்டார்கள், கத்திக்கொள்வார்கள். அங்கிருந்து யூனிட்டுக்கு வந்தால் கொதிகலன். கொதிகலன் ஓய்ந்தால் நான்.

அந்தக் கோடைக்குப் பிறகு அவள் மடத்தில் சேரப்போகிறாள் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. சேர்ந்தால் வெளியே வராத அடைபட்ட மடம். அவள் அப்பா கோயிலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். ஊரில் வேறு எவனாவது பெண் கேட்டு வந்திருந்தால் அவனைப் பற்றி நாலு கதை கட்டி விட்டிருப்பேன். இங்கே போட்டிக்கு வந்திருப்பவரைப் பற்றி என்ன கதை கட்டுவது? அவருக்குத்தான் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் முழந்தாள் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மூளையில் காற்றோட்டம் குறைந்தால் வருகிற வகை.

எங்கள் பழைய தகரக் கொட்டகைக் கோயிலை இடித்துவிட்டு நாலு சுவரும் தட்டைக் கான்கிரீட்டுமாகப் புதிதாக எழுப்பியிருந்தார்கள். பீடத்துக்கு மேலே மட்டும் வேலை பாக்கி. அவளுக்கு வேண்டியது அந்தப் படத்திலிருக்கும் வளைவு. அதை இங்கேயே கட்டிவிட்டால்? சொந்த ஊரில், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் அது இருக்கும்போது எதற்காக ஒருத்தி ரயில் ஏறப் போகிறாள்?

பங்குக் கூட்டத்தில் எழுந்து நின்று, வளைவு வேண்டும் என்றேன். ஆலயக் கலை, பக்தி, சந்ததி என்று என்னென்னவோ பேசினேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வளைவு வந்துட்டா ஃபேன எங்க மாட்டுவீங்க?"

கடைசியில், பங்குக்குச் செலவு வைக்க மாட்டேன் என்றதும் சம்மதித்தார். போட்டிக்காரருக்கே வீடு கட்டிக் கொடுக்கக் கிளம்பிய ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மேஸ்திரி

கோபால் மேஸ்திரிக்கு என் வயதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்குப் பின்னால் அவர் பட்டறை. ஊர்க் கோயில் கோபுரங்களுக்குச் சுதைச் சிற்பம் செய்கிறவர். நான் போனபோது கண் திறக்காத சாமிகள் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் மேஸ்திரி, கண்ணாடியைச் சாமி ஒருவரின் தோளில் சாய்த்துவைத்து, மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தார்.

படத்தை நீட்டினேன். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார்.

"கூரை எங்க?"

"விழுந்துருச்சு போல. பழைய கட்டடம்லா."

"ஏன் சார், கூரை விழுந்த கட்டடத்தக் கொண்டாந்து காட்டி, இதே மாதிரி கட்டுன்னு கேக்கீக. விளங்குமா?"

"அந்த விழுகுற பகுதிய மட்டும் விட்டுருங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் வேலைக்கு ஒப்புக்கொண்டார். ஆனால் கல்லும் கிடையாது, செங்கல்லும் கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்தச் சுவர் அவ்வளவு பாரம் தாங்காது. பலகையை வளைவாக அடித்து, அதன் மேல் மூங்கில் சிம்பு, பேண்டேஜ் துணியைப் பிளாஸ்டரில் முக்கி அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்ததும் பலகையை உருவிவிடுவது. நாலு மூலையிலிருந்தும் எழும்பி நடுவில் ஒரு புள்ளியில் சந்திக்கும் வளைவு விலா எலும்புகள்.

"நடுவுல ஒரு யாளி வைக்கேன். கம்பீரமா இருக்கும்."

"கத்தோலிக்கக் கோயில், மேஸ்திரி."

"கிறிஸ்தவ யாளியாட்டு வச்சிருவோம்."

தாமரை என்று முடிவானது. இன்றும் பாடகர் குழு நிற்கிற மூலையிலிருந்து பார்த்தால் அந்தத் தாமரைக்குப் பல் இருக்கிறது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

மிதந்த துணி

துணி ஏற்பாடு என் பொறுப்பு. விறைப்பாக இருந்தால் பலமாக இருக்கும் என்று மேஸ்திரி நினைத்தார், நானும் நினைத்தேன். தறியிலிருந்து இறங்கிய வெளுக்காத துணியையே சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். பிறந்ததிலிருந்து பேண்டேஜ் துணியில் புரண்டவன் செய்யக்கூடிய காரியமா? ஆனால் அன்று என் கவனமெல்லாம் வளைவுக்குப் பிந்திய கல்யாணத்தில் இருந்தது.

முதல் அடுக்கு முழுவதையும் ஒட்டி முடித்துவிட்டு, மேஸ்திரி இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். துணி மெதுவாக வழுக்க ஆரம்பித்தது. மொத்தமாக உருண்டு வந்து அவர் தலையில் போர்த்திக்கொண்டது. உள்ளேயிருந்து என் குடும்பத்தைப் பற்றி அவர் சொன்னதைப் பீடத்துக்கு அத்தனை பக்கத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் ரெஜினா வந்தாள். கையில் அந்த அலுமினியக் குண்டான். பீடத்துப் படியில் வைத்து, தண்ணீர் ஊற்றி, என் துணியில் ஒரு துண்டைப் போட்டாள். மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது.

"தண்ணிய உள்ள விடாத துணி, அண்ணே. பிளாஸ்டர மட்டும் விடுமா?"

பிறகு வெளுத்த துணியைப் போட்டாள். இறங்கியது.

மேஸ்திரி குண்டானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவுகளக் கேட்டு வேல பாத்திருந்தா என் மீச தப்பிச்சிருக்கும்" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு சாயங்காலமும் ஷிப்ட் முடிந்ததும் ரெஜினாவும் யூனிட்டுப் பெண்களும் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். கீழே பெண்கள் துணியை நறுக்கி முக்கிக் கொடுப்பார்கள். கான்கிரீட்டுக்கும் பலகைக்கும் இடையில் தவழ்கிற அளவுதான் இடம். மேஸ்திரிக்குத் தொப்பை, எனக்குப் பயம். ஆகவே உச்சியில் துணி ஒட்டப் போனவள் ரெஜினா. கீழே நின்றால் அவள் கை மட்டும் தெரியும். முழங்கைவரை வெள்ளை. துணியை விரித்து, சுருக்கம் எடுத்து, உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டும்.

நான் வாளியைத் தூக்கிக் கொடுப்பேன். அந்த நாட்களில் நான் பேச்சைக் குறைத்திருந்தேன் என்று பெண்கள் சொல்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது ஈரப் பிளாஸ்டர் சூடாகும்போது வருகிற வாசனை மட்டும். நனைந்த சுண்ணாம்பும் மழைக்கு முந்திய மண்ணும் கலந்ததுபோல் ஒன்று. இப்போதும் யாராவது கையை முறித்துக்கொண்டு மாவுக்கட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால், நான் கொஞ்சம் நெருங்கி உட்காருகிறேன். அவர்கள் அனுதாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கேட்டவன் நிக்கணும்

பலகை பிரிக்கிற நாளன்று காலையில்தான் மேஸ்திரி அந்த வழக்கத்தைச் சொன்னார்.

"பலகைய உருவும்போது ஒரு ஆளு கீழ நிக்கணும். எங்க கூட்டத்துல அப்பிடித்தான்."

"நீங்கதான நிக்கணும்? கட்டுனவுக நீங்கள்லா."

"கட்டுனவனுக்கு என்ன, கூலி. வேணும்னு கேட்டவன் நிக்கணும் சார். ஆசப்பட்டது யாரு?"

பங்கு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

இப்படித்தான் நான் அங்கே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஈரப்பதமும் எடையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், விழுந்தாலும் மண்டை வீங்கும், அவ்வளவுதான்; கட்டுப்போடத் துணிக்கும் பஞ்சமில்லை. அது அறிவுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறக்க அது போதவில்லை.

முதல் ஆப்பில் சுத்தியல் விழுந்தது. டொக். மேலே எங்கேயோ 'க்ரீச்' என்று ஒரு சத்தம். என் கழுத்தில் தூசி கொட்டியது. மந்திரத்தின் முதல் வரியைத் தேடினேன், வரவில்லை. வாயைத் திறந்தேன். எப்போதும்போல் வேறு ஏதோ வந்துவிட்டது.

"ரெஜினா, போகாத! என்னயக் கட்டிக்க!"

சாதாரண இடமாக இருந்தால் காற்றோடு போயிருக்கும். ஆனால் வளைவு என்றால் அது செய்கிற வேலையைச் செய்யும் அல்லவா? என் குரலை வாங்கி, உருட்டி, நாலு மூலைக்கும் அனுப்பி, 'கட்டிக்க, கட்டிக்க' என்று பெஞ்சுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. புதுக் கோயிலில் அந்தக் கூரைக்குக் கீழே முதலில் முழங்கிய வார்த்தை அதுதான். ஜெபம் பிறகுதான் வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்னதற்கு ஊர் சிரிக்காமல் இருந்தது அன்று ஒரு நாள்தான். அவள் அப்பா எழுந்தார். யாரோ சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

செருப்பில்லாத காலடிச் சத்தம் நடந்து வந்தது. என் பக்கத்தில் நின்றது.

"தட்டுங்க மேஸ்திரி" என்றாள் ரெஜினா.

"ஏம்மா, நீங்க ஏன்?"

"நானும்தான ஆசப்பட்டேன்."

டொக். டொக். ஆட்கள் பலகையைப் பிடித்து இறக்குகிற சத்தம் கேட்டது. முகத்தில் வெளிச்சம் மாறியது கண்ணிமைக்குள்ளேயே தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. அப்படி ஒரு ஒன்றுமில்லாமையை எங்கள் ஊரில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அந்தோணி" என்றாள். அண்ணே இல்லை. "நிமிந்து பாருங்க."

பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, நாலு பக்கமிருந்தும் எழுந்து போய் உச்சியில் கை கோத்துக்கொண்டு நின்றது. படத்தில் இருந்ததைவிடச் சின்னது. கொஞ்சம் கோணல். ஆனால் நின்றது.

அவளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு பிளாஸ்டர்த் துளி காய்ந்திருந்தது. நான் கேட்டதற்கு அவள் சொல்லப்போகும் பதில் அந்த முகத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சொன்னாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"நின்னுடுச்சுல்லா. இனி நான் போலாம்ல?"

அவள் போகாமல் இருக்கத்தான் அதைக் கட்டினேன் என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அத்தனை சாயங்காலமும் வந்து துணி ஒட்டியிருக்கிறாள்.

சரி என்று தலையசைத்தேன்.

கோடை முடிவில் செங்கோட்டையிலிருந்து வந்த ரயிலில் ஏறிப் போனாள்.

ஃபேன் இல்லாத கோயில்

என் கல்யாணமும் அதே வளைவுக்குக் கீழேதான் நடந்தது. நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றதால் பிலோமினா முழங்கையால் இடித்து, "தாலி கீழ கட்டணும்" என்றாள். விஷயத்தை முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். ஊரே சொல்லியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். ஒரு விலா எலும்பில் விரிசல் விட்டு, பிளாஸ்டர் பெயர்ந்து வந்துவிட்டது. விழவில்லை. உள்ளே இருந்த துணி அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அதை நான் தினமும் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பிலோமினாதான் சொன்னாள்: "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்திருங்க. இங்க நின்னு கழுத்து சுளுக்கிக்கிடுறதுக்கு அது தேவல."

பஸ் மாறி மாறி ரெஜினாவின் மடத்துக்குப் போனேன். வழியெல்லாம் கல் தூண்களையும் வளைவுகளையும் மனதில் எழுப்பிக்கொண்டே போனேன். கேட்டைத் திறந்தால், எங்கள் யூனிட்டின் கொடவுனை யாரோ பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோல் ஒரு கட்டடம். தட்டைக் கான்கிரீட். முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு. ஒரு வளைவு, ஒன்றுகூட, எங்கும் இல்லை.

பார்வையாளர் அறையில் மரச்சட்டம் அடித்த தடுப்பு அழி. அதற்குப் பின்னால் கறுப்புத் திரை. திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தோணியண்ணனா?"

"ஆமா... சிஸ்டர்."

"வளைவு நிக்குதா?"

"நிக்குது. ஒரு இடத்துல விரிசல் விட்டு பிளாஸ்டர் தொங்குது. விழல."

"துணி பிடிச்சுக்கிட்டு இருக்கும்."

"ஆமா."

"நம்ம துணில்லா."

என் வாய் சும்மா இருக்குமா? "இங்க ஒரு வளைவுகூட இல்லையே" என்று கேட்டுவிட்டேன்.

திரை சிரித்தது. "நானும் வந்த அன்னைக்கு அதத்தான் தேடுனேன். கையில இருந்த பெட்டியக்கூட கீழ வைக்கல."

"பொறவு?"

"பொறவு, சத்தம் எதுவும் இல்லங்கது காதுல விழுந்துச்சு. பெட்டிய வச்சுட்டேன்."

நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. சுவரில் ஒரு சுழலும் மரப்பெட்டி இருந்தது. பொருளை வைத்துத் திருப்பினால் உள்ளே போய்விடும். யூனிட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பேண்டேஜ் சுருள் ஒன்றை வைத்தேன். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. பெட்டி சுழன்றது. உள்ளே காலடிகள் தூரப் போயின. முடிந்தது என்று பையை எடுத்தேன்.

அப்போது உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஏதோ பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது. நின்றது.

நான் பேசாமல், அசையாமல் நின்றேன். தண்ணீர் ஆடிவிடக் கூடாதே.

திரைக்குப் பின்னாலிருந்து, தூரத்தில், அவள் குரல் வந்தது.

"பாஸ்."